அஜலம் என்னும் தண்ணீர்

தண்ணீர் கிடைக்காமல் சென்னை தவித்தது உண்டு. தண்ணீர் வேண்டாம் என்று சென்னை வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை.

மந்தைவெளியில் சௌந்தர்ய மகால் என்றொரு கல்யாண மண்டபம். அதன் வாசலில் தொடங்கிய கார் வரிசை வளைந்து, பால் பூத்தைத் தாண்டி, அடுத்த தெருவுக்குள் நுழைந்து, அங்கே ஒரு வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஒரு காலத்தில் இதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களின் பிள்ளைகள் இப்போது காரோடு நின்றார்கள். முன்னேற்றம் என்றால் இதுதான். காரின் மூக்கில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், உள்ளே ஏசி. எல்லாம் வாகன வாஸ்து சக்கரவர்த்தி கிரீஷ்ஜியின் அருளுக்காக.

கிரீஷ்ஜி யார் என்று கேட்டால் நீங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் வந்து ஆறு மாதமாகிவிட்டது என்று அர்த்தம். சக்கரவர்த்திப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று நோட்டீஸில் போடவில்லை. முன்பு கே.கே. நகரில் கார் சீட் கவர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு எப்போதும் பொறாமைதான்.

அவருடைய தத்துவம் எளிமையானது. இன்ஜின் என்பது அக்கினி. அதைச் சுற்றி ஓடும் ரேடியேட்டர் தண்ணீர் வருணன். இரண்டு பேரும் ஆகாத பங்காளிகள். ஆகாத பங்காளிகளை ஒரே பானட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு, வீட்டில் ஏன் சண்டை, பையனுக்கு ஏன் மார்க் குறைகிறது, பெண்ணுக்கு ஏன் வரன் தள்ளிப்போகிறது என்று கேட்டால் என்ன நியாயம்? இதற்கு அவர் வைத்த பெயர் ஜலதோஷம். நமக்கு வருகிற ஜலதோஷத்துக்கு ஆவி பிடித்தால் போதும். காருக்கு வருகிற ஜலதோஷத்துக்குப் பதினோராயிரத்து ஒரு ரூபாய் பிடிக்கும்.

பரிகாரம், அஜலம். அதாவது தண்ணீரே சேராத கூலண்ட். பழைய தண்ணீரை வடித்துவிட்டு அஜலத்தை ஊற்றி, மூடியை மந்திரித்த சிவப்புத் துணியால் கட்டிவிடுவார். வெளிநாட்டில் தண்ணீரில்லாத கூலண்ட் விற்கிறார்கள், நீங்களே தேடிப் பாருங்கள் என்பார். தேடினால் இருக்கும். அது உண்மை. பொய்யை விற்கிறவர்கள் கடை வாசலில் ஒரு உண்மையைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். மிச்சம் அவருடைய சொந்தச் சரக்கு: அந்தக் கூலண்டை நம் முன்னோர்கள் அப்போதே ஓலைச்சுவடியில் எழுதி வைத்துவிட்டார்களாம். கூலண்டைக் கண்டுபிடித்துவிட்டு, காருக்காக ஆயிரம் வருடம் காத்திருந்தவர்கள் உலகத்திலேயே நம் முன்னோர்கள் மட்டும்தான்.

அந்த வரிசையில் முப்பத்தெட்டாவதாக ஒரு மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன் நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் புகழேந்தி. அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். தெருமுனையில் திருஷ்டி கழித்து உடைத்த தேங்காயைப் பொறுக்கி வந்து சட்னி அரைக்கச் சொல்கிற மனிதர். மகனுக்கு நல்ல தமிழ்ப் பெயராகப் பார்த்து வைத்தார். பெயரோடு புத்தியும் வந்துவிடும் என்று நம்பினார். அவருக்கு இருந்த ஒரே மூடநம்பிக்கை அதுதான்.

புகழேந்தி அங்கே வந்தது பக்தியால் அல்ல, பயத்தால். இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன என்பது வேறு விஷயம். கோட்டூர்புரத்தில் ஒரு பள்ளிக்கு அவர் வேனில் பதினான்கு பிள்ளைகள் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவுக்குத் தலைவர் சாய்சரண். பெரிய கம்பெனியில் ரிஸ்க் பிரிவுக்கு மேலாளர். எங்கே என்ன ஆபத்து வரும் என்று கண்டுபிடித்து அதற்கு ஒரு படிவம் தயாரிப்பது அவர் உத்தியோகம். தன் காருக்கு அஜலம் ஊற்றிக்கொண்ட மறுநாளே குழுவில் எழுதினார்: குழந்தைகளின் பாதுகாப்பில் சமரசம் கிடையாது. இன்னும் இரண்டு வாரத்துக்குள், அஜலம் ஊற்றியதற்கு அடையாளமாக கிரீஷ்ஜி தரும் 'நிர்ஜலம்' ஸ்டிக்கர் வேனில் ஒட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிடுவோம்.

அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவர் புகழேந்தி. விடியும் முன்பே அங்கிருந்து கிளம்பி மயிலாப்பூர் வந்து பிள்ளைகளை ஏற்றுகிறார். வேறு வேலை கிடையாது. அந்தப் பதினான்கு பேர் இறங்கிவிட்டால் வேன் வெறும் தகரம்.

மண்டபத்து முன்முற்றத்தில் போட்ட மேடையில் கிரீஷ்ஜி வெள்ளை ஜிப்பாவும் அதன் கழுத்தில் மைக்குமாக நின்றார். முதலில் ஒரு பாட்டிலைத் திறந்து, பச்சையாக இருந்த அஜலத்தை டம்ளரில் ஊற்றி, கடகடவென்று குடித்துக் காட்டினார். "அவ்வளவு பரிசுத்தம்" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு இறங்கி வந்து, வரிசையில் வந்த வண்டிகளுக்குச் சோதனை.

புகழேந்திக்கு முன்னால் ஒருவர் எலக்ட்ரிக் ஸ்கூட்டரோடு நின்றார். அதில் ரேடியேட்டர் என்ற உறுப்பே கிடையாது. கிரீஷ்ஜி அசரவில்லை. ஸ்கூட்டரின் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் சோதித்தார். அதற்கும் தோஷம் இருந்தது.

"பேரு?" என்றார் புகழேந்தியிடம்.

"புகழேந்தி, சாமி."

"நட்சத்திரம்?"

"எனக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான். ஆர்.சி. புக்குல தேதி இருக்குமே."

கிரீஷ்ஜியின் இடுப்பில் பட்டுறை ஒன்று. அதில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு பித்தளைக் கோல்கள். பெயர் வருண தண்டம். நுனியில் மஞ்சள் தோய்த்த நூல் சுற்றியிருந்தது. இடப்பக்கத்துக் கோலை உருவி, கண்ணை மூடி முணுமுணுத்து, வேனின் ரேடியேட்டருக்குள் விட்டு எடுத்தார். நூல் ரத்தச் சிவப்பாக வந்தது.

கூட்டம் மூச்சை இழுத்தது. முன்வரிசையில் சாய்சரண் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை குழந்தைங்க ஏறுது?"

"பதினாலு, சாமி."

கிரீஷ்ஜி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண் மூடினால் விலை ஏறும் என்பது வரிசையில் எல்லோருக்கும் தெரியும்.

"ஸ்கூல் வண்டி. தோஷம் பதினாலு பங்கு. சாதாரண பூஜை தாங்காது. அடுத்த ஞாயித்துக்கிழமை வா, விசேஷமா அஜலம் ஊத்தி மூடியைக் கட்டித் தரேன். நாப்பத்தெட்டு நாள் திறக்கக் கூடாது."

புகழேந்தி என்ன இருந்தாலும் டிரைவர். "நடுவுல தண்ணி கொறஞ்சா இன்னா சாமி பண்றது?"

"தண்ணியே இல்லாததுல தண்ணி எப்படிப்பா குறையும்?"

மண்டபம் சிரித்தது. புகழேந்தியும் சிரித்தார். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டால் புரிந்த மாதிரி இருக்கும்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போனார். அங்கே இனாயத் பாய்க்கு ரேடியேட்டர் பட்டறை. புகழேந்தியின் வேனுக்கு எங்கே ஒழுகும், எப்போது ஒழுகும் என்பது வேனைவிட இனாயத்துக்கு நன்றாகத் தெரியும்.

"தண்ணி இல்லாத கூலண்ட்டா? நெசமாவே கீது நைனா" என்றார் இனாயத். "போன வருசம் ஒரு பழைய வெளிநாட்டுக் காருக்கு ஊத்துனேன். எண்ணெ கணக்கா திக்கா இருக்கும். சட்டுனு கொதிக்காது, துரு புடிக்காது. ஆனா பழைய தண்ணிய ஒரு சொட்டு வுடாம வடிக்கணும். நடுவழில ஒழுகிச்சுன்னா பைப்புல புடிச்சு ஊத்திக்க முடியாது. உன் வேனுக்கு அதெல்லாம் எதுக்கு? சாதா கூலண்ட் போதும். காலைல இன்ஜின் சில்லுனு இருக்கும்போது மூடியத் தொறந்து அளவு பாரு. அவ்ளோதான் பூஜை."

"அவரு அதைக் குடிச்சாரு பாய்."

இனாயத் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எதை?"

"அஜலத்தை. ஒரு டம்ளரு."

"உசுரோட கீறாரா?"

"நல்லாத்தான் கீறாரு. அப்பாலிக்கா நாலு இட்லி துன்னாரு."

"அப்ப அது கூலண்ட்டே இல்ல. கூலண்ட் குடிச்ச ஆளு இட்லி துன்ன மாட்டான் நைனா. ஆஸ்பத்திரில குளுகோஸ் ஏத்திக்கினு கெடப்பான். டப்பா பின்னாலயே குடிக்காதேன்னு போட்டுகீது."

புகழேந்தி யோசித்தார். ஆனால் யோசனையின் குறுக்கே அந்தச் சிவப்பு நூல் வந்து நின்றது. "நூல் செவந்துச்சே பாய். என் கண்ணால பாத்தேன்."

"நூல் சமாச்சாரம் எனக்குத் தெர்யாது" என்றார் இனாயத். "என் லைன் ரேடியேட்டரு."

உலகத்தில் ஏமாந்தவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துத்தான் ஏமாந்தார்கள். பார்க்காமல் ஏமாறுவது முடியாத காரியம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சொர்ணம் கூடத்தில் தட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். தி. நகரிலும் மயிலாப்பூரிலும் நாலைந்து கல்யாண மண்டபங்களுக்கு ஆரத்தித் தட்டு அலங்காரம் செய்து கொடுப்பது சொர்ணத்தின் தொழில். புதன்கிழமை ஒரு முகூர்த்தம். தட்டில் ஜிகினாவும் பூவும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

புகழேந்தி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியின் காதில் இருந்த தோட்டைப் பார்த்தார். சொர்ணம் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"தோட்ட வுடு. நூலு மொதல்ல இன்னா கலரு?"

"மஞ்சக் கலரு."

"முக்கி எடுத்தப்புறம்?"

"செவப்பு."

"ஆரஞ்சு மாதிரியா, நல்ல செவப்பா?"

"ரத்தம் கணக்கா நல்ல செவப்புமே."

சொர்ணம் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினார். மஞ்சள் தூளைக் கரைத்தார். பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒரு விரலில் எடுத்து அதில் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே குங்குமமாகச் சிவந்தது.

"இந்தச் செவப்பா?"

"ஆமா, இதே செவப்புதான்." புகழேந்தி தட்டைக் குனிந்து பார்த்தார். "ஆனா இது ஆரத்திமே. அது தோஷம்."

சொர்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று யோசிப்பதுபோல் இருந்தது.

சொர்ணத்தைச் சொல்லிக் குற்றமில்லை. புகழேந்தியை மட்டும் சொல்லியும் பயனில்லை. சௌந்தர்ய மகாலில் கன்னத்தில் போட்டுக்கொண்ட அத்தனை பேரும் தங்கள் கல்யாணத்தில் இந்தத் தட்டுக்கு முன்னால் நின்றவர்கள். இந்தச் சிவப்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டவர்கள். அன்றைக்கு ஒருவரும் ஐயோ ரத்தம் என்று ஓடவில்லை. தட்டில் காசு போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குத்தான் ஓடினார்கள். அதே மஞ்சள், அதே சுண்ணாம்பு ஒரு பித்தளைக் கோலின் நுனியில் சந்தித்துக்கொண்டதும் அடையாளம் தெரியவில்லை. தட்டில் வந்தால் சடங்கு, கோலில் வந்தால் அற்புதம். வேறொன்றுமில்லை, கோலுக்கு மைக் இருந்தது.

புகழேந்தியின் மனதை அசைத்தது சுண்ணாம்பு அல்ல, கோட்டூர்புரம் பாலம்.

வியாழக்கிழமை மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தபோது பாலத்தின் நடுவில் சாய்சரணின் கார் நின்றிருந்தது. பானட் திறந்திருந்தது. உள்ளேயிருந்து புகை புகையாக ஆவி வந்துகொண்டிருந்தது. புகழேந்தி வேனை ஓரம் கட்டி, பிள்ளைகளை இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினார். கீழே ரோட்டில் பச்சையாக ஒழுகியிருந்தது.

"ஹோஸ் புட்டுக்கிச்சு சார். எல்லாம் வெளிய போய்டுச்சு. இன்ஜின ஆஃப் பண்ணுங்க. ஆறட்டும், அப்பாலிக்கா மூடியத் தொறந்து..."

"தொடாதீங்க" என்று சாய்சரண் குறுக்கே வந்து நின்றார். சிவப்புத் துணி கட்டியிருந்த மூடிக்குக் காவல் நின்றார். "இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கு. கிரீஷ்ஜி சொல்லியிருக்கார், சில வண்டிக்கு தோஷம் ஆவியா வெளியேறும்னு."

"சார், இது சூட்டுல வர்ற ஆவி."

"உங்க லெவல்ல அப்படித்தான் தெரியும், புகழேந்தி."

சொல்லிவிட்டு, தோஷம் சீக்கிரம் போகட்டும் என்று மறுபடி காரை ஓட்டப் பார்த்தார். பத்தடி போனது. உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. இன்ஜின் இறுகிப் போய்விட்டது. அக்கினிக்கும் வருணனுக்கும் நிரந்தர சமாதானம்.

புகழேந்தி வேனுக்குத் திரும்பினார். பதினான்கு முகமும் ஜன்னலில் இருந்தன. கடைசி சீட்டுப் பெண் கேட்டாள்: "அங்கிள், நம்ம வேனுக்கும் சண்டே அந்தத் துணி கட்டுவாங்களா?"

புகழேந்தி பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். பாலத்துக்கு முன்னும் பின்னும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. இதே இடத்தில் இந்த வேன் ஆவியோடு நின்றால், பதினான்கு பேரையும் எந்தப் பக்கம் இறக்குவது என்று பார்த்தார். எந்தப் பக்கமும் இடமில்லை. பெரும்பாக்கம் போய்ச் சேரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம நீயும் வா" என்றார் சொர்ணத்திடம்.

"நீ கூப்புடலேன்னாலும் வர்றதாத்தான் இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. புகழேந்தியின் வேனில் நூல் சிவந்த படம் எங்கெங்கோ சுற்றிவிட்டது. கார் இல்லாதவர்கள்கூட மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மண்டபத்து ஓரத்தில் டிபன் கடை. தோசைக்கல் சுர் சுர்ரென்றது. தோஷம் பசி எடுக்கவைக்கும் போலிருக்கிறது.

இனாயத்தும் வந்திருந்தார். "அவரு குடிக்கிறதப் பாக்கணும் நைனா" என்றார். பார்த்தார். கிரீஷ்ஜி ஒரு டம்ளர் குடித்தார். இனாயத் தலையை ஆட்டிக்கொண்டார்.

வேனின் முறை வந்தது. கிரீஷ்ஜி வேனுக்காக ஒரு புது அஜல பாட்டிலின் சீலை உடைத்தார். அப்போது சொர்ணம் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பினார். புகழேந்தி அந்தக் கும்பிடைப் பார்த்துப் பயந்துவிட்டார். கல்யாணமான நாள் முதல் அப்படி ஒரு பணிவை அவர் பார்த்ததில்லை.

"சாமி, ஒரு வேண்டுதல்."

"சொல்லு தாயே."

"வண்டில ஊத்துறதுக்கு முன்னாடி அஜலத்த நானும் ஒருக்கா நூல் வுட்டுப் பாத்துக்கட்டுமா? எங்கூட்டுக் கரண்டிதான். மஞ்ச நூல் சுத்திக் கொண்ணாந்துகீறேன். தோஷம் இல்லேன்னு கண்ணால பாத்துட்டா, புள்ளைங்கள தெகிரியமா ஏத்துவோம்."

கிரீஷ்ஜி கரண்டியைப் பார்த்தார். சாதா எவர்சில்வர் குழம்புக் கரண்டி. அடியில் மஞ்சள் நூல். மஞ்சள் நூலை வெறும் திரவத்தில் விட்டால் மஞ்சளாகவே வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எதிரே நூறு கைப்பேசி. காசில்லாத விளம்பரம்.

"தாராளமா பாரு தாயே. எல்லாரும் கேமராவ இந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார்கள். சொர்ணம் அஜலத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியை அதில் முக்கி, கொஞ்சம் பொறுத்து எடுத்தார்.

நூல் ரத்தச் சிவப்பு.

மண்டபத்தில் தோசைக்கல் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா சாமி இது" என்றார் சொர்ணம். "அஜலத்துக்கே ஜலதோஷம் கீதே."

கிரீஷ்ஜியின் முகத்தில் இருந்த சக்கரவர்த்தி சட்டென்று எழுந்து போய்விட்டார். மிச்சமிருந்தது கே.கே. நகர் சீட் கவர் கடைக்காரர் மட்டும். "ஏம்மா, ஏமாத்துறியா? நூலுக்கு அடியில சுண்ணாம்பு தடவியிருக்க."

மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.

"ஆமா, தடவிக்கீறேன்" என்றார் சொர்ணம். குரலை உயர்த்தவே இல்லை. "சுண்ணாம்பு பட்டு நனைஞ்சா மஞ்ச செவக்கும்னு எனக்குத் தெரியும். நான் ஆரத்தி கரைக்கிறவ. உங்களுக்கு எப்டி சாமி பாத்த ஒடனே தெரிஞ்சுது?"

கிரீஷ்ஜி கோல்களைப் பட்டுறைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு மாமி மெதுவாக, "ஆரத்தி" என்றார். பக்கத்திலிருந்தவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் சொன்னார். அந்தச் சொல் நாற்காலி நாற்காலியாகப் பின்னால் போனது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கல்யாணம் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அந்த எடப்பக்கத்துக் கோல கொஞ்சம் குடுங்க" என்றார் சொர்ணம். "நூலப் பிரிச்சுப் பாக்கலாம்."

"தீட்சை வாங்காதவங்க தொட்டா கை விளங்காது" என்றார் கிரீஷ்ஜி. குரலில் ஏற்கெனவே ஏதோ விளங்காமல் போயிருந்தது.

கூட்டம் தயங்கியது. கை விளங்காது என்றால் யாருக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும். அப்போது முன்னால் வந்தவர், ஆச்சரியம்தான், சாய்சரண். வியாழக்கிழமையிலிருந்து ஆட்டோவில் போகிறவர். ரிஸ்க் பிரிவு மேலாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரிஸ்க் எடுத்தார். கிரீஷ்ஜியின் இடுப்பிலிருந்து இரண்டு கோலையும் உருவினார். கை நன்றாகவே விளங்கியது. இடப்பக்கத்துக் கோலின் நூலைப் பிரித்தார். அடியில் காய்ந்த சுண்ணாம்பு வெள்ளையாக உதிர்ந்தது. பூஜை முடிந்த பிறகு தோஷம் தீர்ந்துவிட்டது என்று காட்ட உருவுகிற வலப்பக்கத்துக் கோலையும் பிரித்தார். அது வெறும் பித்தளை.

"சரி, நூல் போகட்டும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். பதினோராயிரத்து ஒரு ரூபாயை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அஜலம் நெசந்தானே? தண்ணி இல்லாததுதானே?"

இனாயத் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு டிபன் கடைக்குப் போனார். "மாஸ்டர், இதக் கொஞ்சம் கல்லுல தெளிங்க."

தோசை மாஸ்டர் விரலில் தொட்டுக் கல்லில் தெளித்தார். சொட்டுகள் சுர்ரென்று முத்து முத்தாக ஓடி, ஆவியாகி, காணாமல் போயின.

"தண்ணி" என்றார் மாஸ்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "முப்பது வருஷமா தெளிக்கிறேன். எனக்குத் தெரியாதா. கொஞ்சம் கலர் போட்டிருக்கு."

"நெசமான சரக்கா இருந்தா எண்ணெ மாதிரி குந்திக்கினு இருந்திருக்கும்" என்றார் இனாயத். "இந்நேரம் புகைஞ்சிருக்கும்."

கிரீஷ்ஜி இதற்குள் பக்கவாட்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மைக்கைக் கழற்ற மறந்துவிட்டார். அதனால், "டேய், வண்டிய எட்றா, சீக்கிரம்" என்ற அவருடைய கடைசி அருள்வாக்கு எல்லா ஸ்பீக்கரிலும் தெளிவாக ஒலித்தது. வண்டியை எடுக்க முடியவில்லை. முன்னும் பின்னும் அவருக்காக வரிசையில் நின்ற கார்கள். இனாயத் அந்த வண்டியின் பானட்டைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புத் துணி இல்லை. கம்பெனியில் ஊற்றிய சாதா கூலண்ட், தண்ணீர் கலந்தது, அளவு கச்சிதமாக இருந்தது.

"சொந்த வண்டிய நல்லா வச்சிகீறாரு" என்று பாராட்டினார்.

ஜனங்கள் கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்க வரிசையாக நின்றார்கள். எதற்கென்றாலும் வரிசை வேண்டும் நமக்கு.

சாய்சரண் தொண்டையைச் செருமிக்கொண்டு புகழேந்தியிடம் வந்தார். "எனக்கு ஃபர்ஸ்ட் டேலேர்ந்தே ஒரு டவுட் இருந்தது" என்று ஆரம்பித்தார். பாலத்தில் சிவப்புத் துணிக்குக் காவல் நின்றவர் இவர்தானா என்று புகழேந்தி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஸ்டிக்கர் கேன்சல். குரூப்ல போட்டுட்டேன். பசங்க உங்க வேன்லயே வருவாங்க. ஆனா ஒரு சின்ன ரிக்வெஸ்ட். நாளைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி, ஜஸ்ட் ஒரு சேஃப்டிக்கு, உங்க ஒய்ஃப் அந்தக் கரண்டியால நம்ம வேனை ஒரு தடவை..."

புகழேந்தி அவருக்குப் பின்னால் பார்த்தார். ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆரத்தி என்று முதலில் சொன்ன மாமிகூட நின்றார். "எங்காத்துக் காரையும் ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்கோ. கரண்டி ரொம்ப ராசியா இருக்கு. எங்கே வாங்கினேள்?"

"பாண்டி பஜார்ல. அம்பது ரூவா" என்றார் சொர்ணம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இன்னாய்யா சொல்ற, தொடட்டுமா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், புகழேந்தியின் மனதில் ஒரு பேனர் எழுந்து காற்றில் ஆடியது: அருள்மிகு கரண்டி அம்மா. மேடை காலி. மைக் தயார். கூட்டம் தானாகவே நிற்கிறது. பள்ளிக்கூட வேனே வேண்டியதில்லை. பிறகு ஜன்னலில் இருந்த பதினான்கு முகமும், இறக்க இடமில்லாத அந்தப் பாலமும் வந்து பேனரைக் கிழித்துப் போட்டன.

சொர்ணத்தின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

"சார், காலைல நானே மூடியத் தொறந்து பாத்தேன். தண்ணி கீது, கூலண்ட் கீது, ஹோஸ் கெட்டியா கீது. வண்டில ஒரு தோஷமும் இல்ல." கரண்டியால் தன் மண்டையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். "போன வாரம் வரிசைல நின்னப்போ இங்கதான் சார் ஒண்ணுமே ஊத்தாம இருந்துச்சு. தண்ணி இல்லாம ஓடுற வண்டிகூட ஒலகத்துல இருக்கலாம். இது இல்லாம ஓட்டுனா பத்தடிதான்."

சாய்சரண் கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமி மட்டும், "அப்போ கரண்டியிலே ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு காருக்குத் திரும்பினார்.

கரண்டியைக் கழுவி அன்று மதியம் சாம்பார் ஊற்றினார்கள். அதன் சக்தி அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால், வேறு வழியில்லை, யோசித்துத்தான் ஆக வேண்டும்.